‘இருக்கிறது’ என்று எழுதினேன்

நான் பொய் சொன்னேன். ஒரு விசாரணைக் குழுவின் முன்னால் உட்கார்ந்து, என் கைகளாலேயே வெளியே தூக்கிப் போட்ட தொகுதிகளை நான் கண்ணால் பார்த்ததே இல்லை என்று சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு பெண்ணின் பெயர் கெட்டது, வேலை போனது. நான் இன்னமும் அதே லைப்ரரியில், அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் படிப்பதை நிறுத்தினாலும் சரி.

பயமாக இருக்கிறது. இதை எழுதும்போதே இரண்டு முறை எழுந்துபோய்க் கதவு தாழிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். பட்டப்பகலில்! கீழே தெருவில் மிளகு மூட்டை இறக்கும் லாரிக்காரர்களின் சத்தம் கேட்கிறது. அவர்களில் யாருக்கும் என்னைத் தெரியாது. இருந்தும் யாராவது உரக்கக் கூப்பிட்டால் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

நான் கொச்சியில் ஒரு பல்கலைக்கழகத்தில் உதவி நூலகர். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். வீடு மட்டாஞ்சேரி. அப்பா காலத்தில் பாலக்காட்டிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். என் மகன் தமிழ் நன்றாகப் பேசுவான், ஆனால் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. என் அலுவலகத்திலும் தமிழ் வாசிப்பவர்கள் கிடையாது. நான் ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று இப்போது உங்களுக்குப் புரியும். மொழிப்பற்று ஒன்றுமில்லை. ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் லைப்ரரியின் கீழ்த்தளம் என் பொறுப்பில் இருந்தது. பழைய அறிக்கைகள், யாரோ அன்பளிப்பாகத் தந்த தொகுப்புகள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். அவற்றில் ஒரு வரிசை பெரியாற்றங்கரைக் கிணறுகளைப் பற்றியது. ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர், தன் இளமைக் காலத்தில், தொழிற்சாலைகள் நிறைந்த ஏலூர்ப் பக்கத்துக் கிணறு ஒவ்வொன்றிலும் தண்ணீர் எடுத்து, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சோதித்துத் தட்டச்சு செய்து கட்டிய தொகுதிகள். அச்சில் வந்ததில்லை. முழுப் பிரதி எங்களிடம் இருந்தது ஒன்றுதான்.

ஒரு மழைக்காலத்தில் அந்த வரிசைக்குப் பின்னால் இருந்த சுவர் கசிந்தது. நான் பார்த்தேன். தொட்டும் பார்த்தேன், கை ஈரமானது. அன்றைக்கே மேலே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மறுநாள் பாலக்காட்டில் நாத்தனார் மகளின் கல்யாணம். போய்விட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று பூட்டிவிட்டுக் கிளம்பினேன். விடுப்பில் போகும்போது சாவியைப் பதிவேட்டில் எழுதி ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. மறந்துபோய்ப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு போய்விட்டேன். அங்கே போனதும் எனக்குக் காய்ச்சல். விடுப்பை நீட்டினேன். மழையும் நிற்கவில்லை.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வந்த அந்த வாடை!

கிணற்றுத் தொகுதிகள் ஊறி உப்பிப் போயிருந்தன. அட்டைகளில் கறுப்பாகப் பூஞ்சை. சில தொகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க வரவில்லை. அப்போதும்கூட என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். நூலகரிடம் சொல்ல வேண்டும். நனைந்த தாளைக் காயவைத்து மீட்பவர்கள் இருக்கிறார்கள், பாதியாவது தேறியிருக்கும்.

சொல்லவில்லை. ஏன்? சாவி ஏன் உன்னிடம் இருந்தது என்று கேட்பார்கள். ஒரு மெமோ வரும். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் தள்ளிப்போகும். இவ்வளவுதான் என் பயம்! இவ்வளவு சின்னப் பயம்!

மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால் பழைய பேப்பர் எடுக்கும் முருகேசன் என்பவர் எனக்குப் பழக்கம். தேனிப் பக்கத்துக்காரர். தமிழில் பேச ஆள் கிடைத்தால் சந்தோஷப்படுவார். ஒரு விடுமுறை நாளில் அவரை வரச் சொன்னேன். வண்டியில் ஏற்றும்போது ஒரு தொகுதியைப் புரட்டிப் பார்த்தார்.

“அக்கா, லைப்ரரி சீல் இருக்கே. எடுத்துட்டுப் போலாம்ல?”

“எல்லாம் கழிச்சது முருகேசன். ஆர்டர் இருக்கு.”

“ஈரமா இருக்கு. இது மில்லுக்குத்தான் போகும், கூழாத்தான் ஆகும்.”

“ஆகட்டும்” என்றேன்.

ஆகட்டும்... அந்தச் சொல்லை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன்!

கம்ப்யூட்டரில் இருந்த பதிவுகளை நான் நீக்கவில்லை. நீக்கினால் காரணம் காட்ட வேண்டும். ஆகவே அலமாரியில் இல்லாத தொகுதிகள் கேட்டலாக்கில் இருந்துகொண்டே இருந்தன. சில வருடங்கள் யாரும் கேட்கவில்லை. நானும் மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த மதிப்பீடு வந்தது.

புதிதாக வந்த துணைவேந்தருக்கு ஒரு கேள்வி இருந்தது. நம் ஆசிரியர்கள் செய்யும் ஆராய்ச்சிக்கு நம் லைப்ரரி உண்மையில் எவ்வளவு உதவுகிறது? யாரும் தொடாத புத்தகங்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருக்கிறோமா? அதைக் கண்டறிந்து அறிக்கை தரும் வேலை என்னிடம் வந்தது. வழிமுறை கடினமில்லை. ஒவ்வோர் ஆசிரியரும் சமீபத்தில் எழுதிய கட்டுரைகளை எடுத்து, அவற்றின் கடைசியில் அவர் காட்டியிருக்கும் நூல்களும் இதழ்களும் நம்மிடம் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு அவரை நேரில் சந்தித்து, தேடிக் கிடைக்காதது எது, இனித் தேவைப்படுவது எது என்று கேட்க வேண்டும்.

“கம்ப்யூட்டர்ல பார்த்து டிக் போடாதீங்க. ரேக்குக்குப் போய்க் கையால தொட்டுப் பாருங்க” என்றார் எங்கள் நூலகர்.

உங்களிடம் ஒன்று சொன்னால் நம்புவீர்களா? அந்த வேலையை நான் மிகவும் விரும்பிச் செய்தேன். வரலாற்றுத் துறையின் நூல்களைத் தூசியோடு தூசியாக நின்று சரிபார்த்தேன். பொருளியல் துறைக்கு வேண்டிய இதழ்கள் பாதியில் நின்றுபோனதைக் கண்டுபிடித்து எழுதினேன். கணிதத் துறைப் பேராசிரியர் ஒருவர், இத்தனை வருடத்தில் என்னிடம் இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் நல்ல நூலகர் என்று எனக்கே தோன்றிய நாட்கள் அவை.

சுற்றுச்சூழல் துறைக்கு வந்தேன். பீனா டீச்சரிடம் வந்தேன்.

ஒப்பந்தத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். என்னைவிட மிகவும் இளையவள். வேகவேகமாகப் பேசுவாள். அவள் கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தைப் பார்த்த உடனேயே தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எல்லாக் கட்டுரையிலும் அந்தக் கிணற்றுத் தொகுதிகள்!

எனக்குச் சாயா வரவழைத்துக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“சேச்சி, மத்ததெல்லாம் எனக்கு எங்கேயிருந்தாவது கிடைச்சிடும். அது ஒண்ணுதான் வேற எங்கேயும் கிடைக்காது. பி.எச்.டி. பண்ணும்போது, நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடி, கீழ உக்காந்து கையால எழுதி எடுத்தேன். இப்ப அதே கிணறுகள்ல மறுபடி தண்ணி எடுக்கிறேன். அன்னைக்கு எப்படி இருந்தது, இன்னைக்கு எப்படி இருக்குன்னு காட்டணும். அதை ஸ்கேன் பண்ணி வைக்கணும்னு உங்க ரிப்போர்ட்ல எழுதுவீங்களா?”

“எழுதறேன்.”

“நல்லா இருக்குல்ல அது? பூச்சி கீச்சி அரிக்கலையே?”

அந்த ஒரு கணம்... அதை எத்தனை முறை திரும்பத் திரும்ப வாழ்ந்திருக்கிறேன்! அப்போது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எனக்கு ஒரு மெமோ. அவள் திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், பிறகு அந்த எஞ்சினியரைத் தேடிப் போயிருப்பாள். ஆமாம், அவர் அப்போது உயிரோடு இருந்தார்! வீட்டில் அவருடைய கையெழுத்துக் குறிப்புகள் இருந்தனவாம். அடுத்த வருடம் அவர் இறந்தார். பிள்ளைகள் வீட்டை விற்று எல்லாவற்றையும் கழித்துக் கட்டிவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

“நல்லா இருக்கு டீச்சர்” என்றேன்.

திரும்பி வந்து அறிக்கையில் எழுதினேன்: இருக்கிறது, நல்ல நிலையில். ஸ்கேன் செய்வதைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் யாராவது அதை எடுக்கக் கீழே போவார்கள் அல்லவா?

அறிக்கையைத் துணைவேந்தர் ஒரு கூட்டத்தில் பாராட்டினார். கை தட்டினார்கள். பின்வரிசையிலிருந்து பீனா டீச்சரும் தட்டினாள்.

அவளுடைய ஆய்வு வெளிவந்தது. ஆற்றங்கரையில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. தொழிற்சாலைகளின் தரப்பு வக்கீல் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பழைய அளவு இது என்கிறீர்களே, அந்த மூலத்தைக் காட்டுங்கள்.

பீனா பயப்படவே இல்லை. எதற்குப் பயப்பட வேண்டும்? மூலம் பல்கலைக்கழக லைப்ரரியில் இருக்கிறது என்று பதில் கொடுத்தாள். அதற்கு ஆதாரமாக, என் மதிப்பீட்டு அறிக்கையின் அந்தப் பக்கத்தையே இணைத்திருந்தாள்!

அன்று என் மேசைக்குச் சிரித்துக்கொண்டே வந்தாள். “சேச்சி, எடுத்துத் தாங்க, இன்னைக்கே கொண்டுபோய்க் காட்டிடறேன்.”

நான் சாவியை எடுத்துக்கொண்டு அவளோடு கீழ்த்தளத்துக்குப் போனேன். போய்... தேடினேன். கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா? இல்லை என்று தெரிந்த பொருளை அவளோடு சேர்ந்து தேடினேன். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். புத்தகங்களை நகர்த்தி அவற்றின் பின்னால் பார்த்தேன். ஏணி போட்டு மேல்தட்டில் பார்த்தேன். “யாராவது மாத்தி வெச்சிருப்பாங்க சேச்சி” என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். ஒவ்வொரு முறை அவள் ஒரு கட்டை இழுத்து உதறும்போதும், அதிலிருந்து என் குற்றம் விழுந்துவிடும் போல இருந்தது.

கடைசி நாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையெல்லாம் தூசி.

“சேச்சி... நான் அதைப் பார்த்தது நிஜம்தானே?”

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். அவள் எழுந்து போகும் சத்தம் கேட்கும்வரை வெளியே வரவில்லை.

பல்கலைக்கழகம் தனியே ஒரு குழு போட்டது. பீனா டீச்சர் அந்தப் பழைய அளவுகளைத் தானே கற்பனையாக உண்டாக்கிக்கொண்டாளா என்பதுதான் கேள்வி. அவள் கையால் எழுதி எடுத்திருந்த குறிப்புகளை ஆதாரமாக ஏற்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். ஏ.சி. அறை. எனக்கு மட்டும் வேர்த்தது. மேசைக்கு எதிர்ப்புறம் அவள்.

“இந்தத் தொகுதிகளை நீங்கள் பார்த்ததுண்டா?” என்று தலைவர் கேட்டார்.

“இல்லை சார்.”

“நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே?”

“கேட்டலாக்கைப் பார்த்து எழுதினேன் சார். ரேக்கில் போய்ப் பார்க்கவில்லை. என் தப்புதான்.”

என் சாமர்த்தியத்தைப் பாருங்கள்! சின்னத் தப்பை ஒப்புக்கொண்டு பெரிய தப்பை அதன் கீழே மறைத்துவிட்டேன். என் குரல் நடுங்கியது. அவர்கள் அதை வருத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

“அப்படியென்றால் அந்தப் பதிவே தவறாக இருக்கலாம், தொகுதிகள் இங்கே எப்போதுமே இல்லாமல் இருந்திருக்கலாம்?”

ஒரு சொல்தான் சொல்ல வேண்டியிருந்தது. இல்லை சார், இருந்தது. அவ்வளவுதான். நாக்கு வரைக்கும் வந்தது. அப்போது ஏனோ முருகேசனின் வண்டி ஞாபகத்துக்கு வந்தது. அரசாங்கச் சொத்தை விற்றவள் என்பார்கள். போலீஸ், வேலைநீக்கம், மகனின் படிப்பு... எல்லாம் ஒரே சமயத்தில் கண்முன் வந்து நின்றன.

“இருக்கலாம் சார்.”

பீனாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. என்னால் இந்தச் சேச்சிக்கு எவ்வளவு தொல்லை என்பது போல, பரிதாபத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்!

என்னை எச்சரித்து ஒரு மெமோ கொடுத்தார்கள். அவளுடைய கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. மூலம் இல்லாததால் அந்தக் குடும்பங்களின் மனுவும் நிற்கவில்லை. அவள் ஆலுவாயில் ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

தப்பித்தேன் என்று நினைக்கிறீர்களா? அன்றிலிருந்துதான் உண்மையான பயம் ஆரம்பித்தது. பஜாரில் நடக்கும்போது முருகேசன் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுவார். “அக்கா! லைப்ரரில வேற பழசு ஏதாவது கழிச்சாங்களா?” மனதில் ஒன்றும் வைக்காமல், நாலு பேர் நடுவில், உரக்க! இல்லை இல்லை என்று கையை ஆட்டிவிட்டு நடப்பேன். இப்போது யூதர்களின் பழைய தெருவான ஜூ டவுன் வழியாகச் சுற்றிக்கொண்டு, வெளிநாட்டுக்காரர்களின் கும்பலுக்குள் புகுந்து படகுத்துறைக்குப் போகிறேன். ஏன் இவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறாய் என்று கணவர் கேட்கிறார். நடந்தால் உடம்புக்கு நல்லது என்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை, அந்தப் படகுத்துறையிலேயே பீனா நின்றுகொண்டிருந்தாள்.

ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இளைத்திருந்தாள். உறவினர் வீட்டுக்கு வந்தாளாம். எதிரில் இருந்த கடையில் சாயா குடித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடியும் அந்தக் கிணறுகளுக்குப் போகிறாளாம், சொந்தச் செலவில் தண்ணீர் எடுத்துச் சோதிக்கிறாளாம். பழசுதான் போய்விட்டது, இனி வருகிறதாவது இருக்கட்டும் என்றாள். பிறகு கிளாஸைப் பார்த்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“சில சமயம் எனக்கே சந்தேகம் வந்துடுது சேச்சி. அந்தத் தொகுதி எப்படி இருந்ததுன்னே மறந்துபோகுது. எல்லாரும் சொன்ன மாதிரி நானே மனசுல உண்டாக்கிட்டேனோன்னு...”

என்னால் தாங்க முடியவில்லை. அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். சத்தியமாக அதுமட்டும்தான்.

“அப்படியெல்லாம் நினைக்காதீங்க டீச்சர். ஒவ்வொரு கிணத்துக்கும் பக்கத்துல எந்த மரம் நிக்குதுன்னு பேனாவால சின்னதா வரைஞ்சிருப்பாரே, அது கற்பனையா?”

சொல்லி முடித்த பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது.

அவள் கிளாஸை மேசைமேல் வைத்தாள். என்னைப் பார்த்தாள். மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான்... ஆமாம், அவள் பார்த்தது நிஜம் என்ற சந்தோஷம்! பிறகு அது மெல்ல அணைந்தது.

“ஆமா சேச்சி. மரம் வரைஞ்சிருக்கும்” என்றாள். பிறகு, “அங்கே இன்னமும் அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறாங்க” என்றாள்.

வேறொன்றும் கேட்கவில்லை. படகு வந்தது. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு ஒரு போன் இல்லை, புகார் இல்லை. ஏன் இன்னும் சொல்லவில்லை? நானாக வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கிறாளா? சொன்னால் இனி யார் நம்புவார்கள் என்று விட்டுவிட்டாளா? அலுவலகத்தில் போன் அடிக்கும்போதெல்லாம் அது அவளாக இருக்கும் என்று உறைகிறேன். நூலகரின் அறை என் மேசையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில்தான் இருக்கிறது. எழுந்து போய்ச் சொல்லிவிடலாம். தினமும் எழுகிறேன். தண்ணீர்ப் பானை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருகிறேன். முகம் தெரியாத உங்களிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறேன் பாருங்கள்! இது ஒப்புதல் ஆகுமா? எனக்குத் தெரியவில்லை.

நேற்று துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. லைப்ரரி ஆசிரியர்களின் ஆராய்ச்சிக்கு எவ்வளவு உதவுகிறது என்று மறுபடியும் மதிப்பிட வேண்டுமாம். போன முறை நடந்ததுபோல் இனி நடக்கக் கூடாதாம். பட்ட பிறகு கவனமாகச் செய்வார் என்று என் பெயரையே போட்டிருக்கிறார்கள்.

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். பேனா நடுங்கியது. பியூன் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன சேச்சி, பனி அடிக்குதா?” என்று கேட்டார். இங்கே காய்ச்சலைப் பனி என்பார்கள்.

“ஆமாம்” என்றேன்.